அம்மாவுக்கு பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குவது எப்படி?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "எனக்குக் கொதிப்பு இருக்குன்னு சொல்லி மாத்திரை குடுத்துட்டாங்க கண்ணு. ஆனா எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்றார். ஏழு வருடத்துக்கு முன்னால் என் அம்மா சொன்னதும் இதே வார்த்தைதான். இரத்தக் கொதிப்பு என்று பெயர் வைத்துவிட்டதால், கோபம் வரவேண்டும், தலை சுற்றவேண்டும், உடம்பு சூடாகவேண்டும், அப்போதுதான் அது நோய் என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. தெரியாமலே இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களையும் அது கெடுத்துக்கொண்டிருக்கும்.

அப்பா அம்மாவுக்கு பிரஷர் என்று புதிதாகக் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்காகவும், தனியாக இருந்து தாங்களே பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மருத்துவர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அளந்தது சரியா என்று பாருங்கள்

பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்த உடனே கையை நீட்டினால் யாருக்கும் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்க வேண்டும், கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, வெற்றிலையோடு புகையிலை எதுவும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் அளவு கூடும். பெரியவர்கள் வெளியில் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு அடக்கிவைத்திருப்பார்கள், அதனால் நாமே கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. வயதான பெண்கள் போடும் ரவிக்கையின் கை இறுக்கமாக இருக்கும். அதை மேலே சுருட்டிவிட்டால் கயிறு கட்டியதுபோலக் கையைப் பிடித்துக்கொள்ளும், அளவு தப்பாகிவிடும். ரவிக்கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாலும் அதே கதை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கை தளர்ந்த ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அதற்கென்றே இரண்டு ரவிக்கைகளைப் பிரித்துவிட்டு வைத்திருக்கிறோம்.

முதல் தடவை இரண்டு கையிலும் பார்ப்பது நல்லது. எந்தக் கையில் கூடுதலாக இருக்கிறதோ அதிலேயே பிறகு எப்போதும் பார்க்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு நாளில் பார்த்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இந்த இரண்டில் ஒன்று எட்டினாலும் உயர் இரத்த அழுத்தம் என்றுதான் கணக்கு. வீட்டிலேயே நிதானமாகப் பார்க்கும்போது 135/85 என்பதே எல்லை.

பெரியவர்களுக்கு மேல் அளவு 170, கீழ் அளவு 70 என்று வரும். "கீழ் அளவு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். வயதாக ஆகப் பெரிய இரத்தக் குழாய்கள் பழைய ரப்பர் டியூப் மாதிரி விறைத்துப்போவதால் மேல் அளவு மட்டும் ஏறுகிறது. அதற்கும் மருந்து வேண்டும். "நூறோட வயசைக் கூட்டிக்கோ, அதுதான் உன் பிரஷர்" என்று ஒரு பழைய கணக்கு ஊரில் சுற்றுகிறது. 75 வயதுக்காரருக்கு 175 சரி என்று அந்தக் கணக்கு சொல்லும். நம்பாதீர்கள்.

எங்கே போவது

கிராமமானால் ஆரம்ப சுகாதார நிலையம், நகரமானால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இவை இருக்கின்றன. அதற்கும் கீழே, 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் துணை சுகாதார நிலையம் உண்டு. சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் 2007-இல் சோதனையாகத் தொடங்கிய பி.பி. பரிசோதனைத் திட்டம் 2012 முதல் மாநிலம் முழுக்க விரிந்தது. 30 வயது தாண்டிய எல்லோருக்கும் அரசு மருத்துவமனைகளில் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது. தொற்றா நோய்ப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள்.

மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், அதில் சந்தேகமில்லை. மாதாமாதம் அளவு பார்த்து, அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு வருகிற வேலைக்குப் பக்கத்தில் இருக்கிற இடம்தான் நிலைக்கும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி நல்ல டாக்டர் இருக்கிறார் என்று கூட்டிப்போன பிள்ளைகள் எத்தனை பேர் மூன்றாவது மாதம் போகாமல் நின்றுவிட்டார்கள் என்று பார்த்திருக்கிறேன். இங்கே மாத்திரையும் இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994-இல் தொடங்கிய நிறுவனம் மொத்தமாக வாங்கி எல்லா நிலையங்களுக்கும் அனுப்புகிறது. மாத்திரை அட்டை பளபளவென்று இல்லை என்பதற்காக மட்டமான மருந்து என்று நினைக்க வேண்டாம்.

முதல் நாள் போகும்போது ஆதார் அட்டை, நம் கைபேசி எண், பழைய சீட்டுகள் எல்லாம் இருக்கட்டும். அப்புறம் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூட்டு வலிக்குத் தின்பது, தூக்கத்துக்குத் தின்பது, வைத்தியர் கொடுத்த பொடி, லேகியம் எதையும் விடாதீர்கள். ஒரு நோட்டோ அட்டையோ போட்டுத் தருவார்கள். அதுதான் இனிமேல் முக்கியமான ஆவணம். முதல் பக்கத்திலேயே உங்கள் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது. பி.பி., சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக நாள் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்லியிருந்தால் தவிர, வழக்கம்போலப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். "டாக்டர் பாக்கணும்னு போடாம வந்தேன்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அன்றைக்கு அளவு ஏறித்தான் இருக்கும், தேவையில்லாமல் மருந்தைக் கூட்ட வேண்டிவரும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"அம்மாவுக்கு எவ்வளவுக்குள் இருக்கணும்?" என்பது முதல் கேள்வி. பலருக்கு 140/90-க்குக் கீழே என்பார்கள். எண்பது வயது தாண்டியவர், மெலிந்து தளர்ந்தவர், அடிக்கடி விழுகிறவர் என்றால் 150 வரை போதும் என்று சொல்லலாம். பெரியவர்களுக்கு ரொம்பவும் குறைந்தாலும் ஆபத்து. அதனால் அந்த எண்ணை நோட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின், ஈ.சி.ஜி. இவற்றை எப்போது பார்க்கப் போகிறோம் என்று கேளுங்கள். அங்கேயே முடியாததற்கு எங்கே போக வேண்டும் என்று சீட்டு எழுதித் தருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, நிற்க வைத்து ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் இதை விட்டுவிடுவார்கள், நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அவர் எந்த நேரமும் தலை கிறுகிறுத்து விழக்கூடியவர். டாக்டருக்கு அது தெரிந்தால் மருந்தை அதற்குத் தகுந்தாற்போல மாற்றுவார். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, ஒரு நிமிடம் கழித்து எதையாவது பிடித்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும்.

மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் எங்கள் வீட்டில் தப்பு நடந்தது. அம்மாவுக்குச் சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று உறவுக்காரர் ஒருவர் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே வேறு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அம்மாவின் கணக்கில் ஒன்று கவர்மெண்ட் மாத்திரை, இன்னொன்று பணம் கொடுத்து வாங்கிய மாத்திரை. இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்கும். ஒரு விடியற்காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

சுகாதார நிலையத்து நர்சம்மாதான் கண்டுபிடித்தார். பையிலிருந்த இரண்டு மாத்திரை அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், திருப்பினார், பேனா முனையால் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் அம்லோடிபின். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருந்ததால் எங்கள் கண்ணுக்கு வேறு வேறு மருந்தாகத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு எந்த மருந்து வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் படிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டையும் மருந்துப் பையையும் நீட்டுங்கள்.

வழக்கமாகத் தருகிற மருந்துகளில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், சொன்னால் லோசார்டன் மாதிரி வேறு ஒன்றுக்கு மாற்றித் தருவார்கள். இந்த இருமலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அதிமதுரமே தொடர்ந்து எடுத்தால் பிரஷரை ஏற்றக்கூடியது. சிறுநீர் அதிகம் போகவைக்கிற மாத்திரையைக் காலையில் கொடுங்கள், இரவில் எழ வேண்டியிருக்காது. அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பாடே இறங்கவில்லை என்றாலும், கத்திரி வெயிலில் சோர்ந்து படுத்துவிட்டாலும், அன்றைக்கு மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உடனே கேட்க ஆள் இல்லையென்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். விரத நாளில் சோறு இல்லை என்று மாத்திரையையும் விடுகிற பழக்கம் கூடாது. தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மறக்காமல் இருக்க எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். சுவரில் மாட்டிய தினசரி காலண்டருக்குக் கீழேதான் மாத்திரை டப்பா. மாத்திரை போட்ட பிறகுதான் தேதியைக் கிழிக்க வேண்டும். நேற்றைய தேதி தொங்கினால் இன்றைக்குப் போடவில்லை என்று அர்த்தம், போட்டேனா இல்லையா என்ற குழப்பமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு டப்பா மூடியில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுங்கள். ஒரு வேளை மறந்து அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது.

அளவு 130-க்கு வந்ததும் "சரியாயிடுச்சு" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மாத்திரை போடுவதால்தான் 130. நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

அடுப்படியும் மருந்துக்கடையும்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்பூனால் யாரும் அளக்கப்போவதில்லை. உப்புப் பாக்கெட்டைக் கணக்குப் பாருங்கள். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் வரவேண்டும். ஒரு கிலோ பாக்கெட் மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடை மிக்சர் எல்லாம் அதற்கு மேலே. எங்கள் வீட்டில் முதலில் சோறு வடிக்கும்போது போடுகிற உப்பை நிறுத்தினோம். அப்புறம் தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம். அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூன்றாவது வாரம் ஓட்டல் சாம்பார் கரிக்கிறது என்றார்.

இந்துப்பு நல்லது என்று வாங்குகிறார்கள். அதுவும் சோடியம்தான், பிரஷரைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

உப்புக்குச் சமமாக நான் பயப்படுவது மூட்டுவலி மாத்திரைக்கு. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் இரண்டும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பி.பி. மாத்திரையோடு சேரும்போது இன்னும் ஆபத்து. மருந்துக்கடையில் "முட்டி வலிக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டால் இவைதான் வரும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று சுகாதார நிலையத்தில் கேட்டு அதோடு நில்லுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் வருகிற வலிப் பொடி வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலியும் பறக்கும், பிரஷரும் ஏறும்.

நடை நல்லது, முடிந்தவரை தினமும் அரை மணி நேரம். புகையிலையை விட வேண்டும், வெற்றிலையோடு மெல்லுவதும் சேர்த்துத்தான்.

வர முடியாதவர்களுக்கு

நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்களுக்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை தருகிறார்கள், இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்று துணை சுகாதார நிலையத்தில் கேட்டு, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் வெளியூரில் இருக்கும் பிள்ளை அந்த அக்காவிடம் மாதம் ஒரு தடவையாவது பேசிவிடுவது நல்லது. அவர் கண்ணுக்குப் படுவது போனில் நமக்குத் தெரியாது.

ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று இருப்பவர்களுக்கு ஊர் மாறும்போதுதான் மருந்து அறுந்துபோகும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லி, கூடுதலாக மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள். போன ஊரில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டைக் காட்டினால் அங்கே தொடரலாம். மாத்திரை தீர்ந்த நாளில் தேட ஆரம்பிக்காமல், ஐந்து நாள் மீதி இருக்கும்போதே போங்கள்.

வீட்டில் மிஷின் வாங்குவதானால் மேற்கையில் சுற்றுவதாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். தினமும் பத்து தடவை பார்த்துப் பயந்துகொண்டிருக்கவும் வேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரம், காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டுபோனால் போதும்.

அவசரம் எது

மிஷினில் 180 காட்டுகிறது, ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். காலண்டரில் நேற்றைய தேதி இன்னும் தொங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் இறங்கட்டும் என்று இன்னொரு மாத்திரை கொடுப்பதோ, நாக்குக்கு அடியில் வைப்பதோ கூடாது. திடீரென்று இறங்கினால் மூளைக்கு இரத்தம் போதாமல் போகும்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்கினால் விழுகிறது, பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, திடீரென்று கண் தெரியவில்லை. இவற்றில் ஒன்று வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கைகால் விழுந்தவருக்கு அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான். அதனால் ஸ்கேன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அந்த நேரத்தை நோட்டின் அட்டையில் எழுதி, மஞ்சள் பையில் மாத்திரைகளோடு போட்டு எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.